விந்தணு பக்குவப்படுதலும் உறைவிந்து இடும் வேளையும்



பாண்டிருப்பிலும் அயலூர்களான மருதமுனை, நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு ஆகியவற்றிலும் வேளாண்மை செய்வோர் பலர் வீட்டு வளவில் இரண்டொரு பசுவையோ எருமையையோ கட்டி வளர்க்கின்றனர். வட்டைக்கு அப்பாற் பட்டி வைத்திருப்போரும் உளர். பால், தயிர் என்பன அன்றாடச் செலவுக்கு உதவுகின்றன. கடற்கரை மணற்றரையில் மிளகாயும் கத்தரியும் நடுவோருக்குச் சாணமே முதலாவது பசளை. இவை யாவும் தடையின்றிக் கிடைக்க வேண்டுமாயின் மாடு காலந்தவறாது கன்று ஈன வேண்டும்.

“சினை ஊசி இரண்டு முறை போட்டும் தங்கவில்லை, மருந்து சரியில்லை” என்பது இப்பக்கத்திற் பலமுறை கேட்கப்படும் முறைப்பாடு. மருந்து என்று சொல்லப்படுவது உண்மையில் மருந்தன்று. நல்லினக் காளையின் விந்து, உறையவைத்துச் சிறு குழலில் அடைக்கப்பட்டது. அது கெட்டுப்போவதும் உண்டு. எனினும் பெரும்பாலான வேளைகளிற் குறை குழலில் இல்லை, கடிகாரத்திலே உள்ளது. விந்து இட்ட நேரமும், விந்தணு கருக்கட்டும் தகுதியை அடையும் நேரமும், முட்டை வெளிப்படும் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தாமையே காரணம். ஒரு வேட்கை தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 4 லீற்றர் பால் தரும் பசுவுக்கு இது 84 லீற்றர் பாலை இழப்பதற்குச் சமம். அதற்கிட்ட தீனி வேறு.

காளையிடமிருந்து வெளிவந்த விந்தணு உடனே முட்டையைக் கருக்கட்ட வல்லதன்று என்பதைப் பலர் அறியார். அஃது எவ்வாறு அத்தகுதியை அடைகின்றது என்பதை விளங்கிக்கொண்டால், “காலையிற் கண்டால் மாலையில், மாலையிற் கண்டால் மறுநாட் காலையில்” என்று கால்நடை உத்தியோகத்தர் சொல்வதன் நியாயமும் தானே விளங்கும்.

முளை நெல்லின் உவமை

சேற்று விதைப்புக்கு நீங்கள் விதைநெல்லை அப்படியே வீசுவதில்லை. சாக்கிற் கட்டி 24 மணி நேரம் நீரில் ஊறவிட்டு, பின் எடுத்து 48 மணி நேரம் மூடிவைத்து, முளை கண்டதும் வயலுக்குக் கொண்டுசெல்கின்றீர்கள். உலர்ந்த நெல் மாதக்கணக்கிற் கிடக்கும். ஆயின் அது பயிராகாது. முளை கண்ட நெல் பயிராகும். ஆயின் அது காத்திராது. வயல் ஆயத்தமாகாமல் இரண்டு மூன்று நாட் கடந்தால் சாக்கினுள்ளேயே வேரோடிப் பின்னி வீணாகும்.

விந்தணுவின் நிலையும் இதுவே. அது விதைப்பையில் உருவாவதற்கு ஏறக்குறைய 61 நாட்களும், அதனை அடுத்துள்ள நீண்ட சுருட்குழாயினூடாகக் கடந்துவர மேலும் 10 நாட்கள் அளவிலும் செல்லும். (கால்வாய் நோயோ கடுங்காய்ச்சலோ கண்ட பட்டிக் காளையின் விந்து, நோய் நீங்கிய பின்னும் இரண்டு மாதமளவு குறைபட்டிருக்கலாம் என்பதற்குக் காரணம் இந்நீண்ட காலமே. காளை கொழுத்து நிற்கின்றது என்பதைக் கண்டு ஏமாறக்கூடாது.) இவ்வளவு நாட் செலவிட்டு உருவாகும் விந்தணு, நீந்துந் திறனைப் பெற்றிருப்பினும் உலர்ந்த நெல்லையே ஒத்தது. அஃது ஊறி முளைகாணும் இடம் பசுவின் உடலே.

இவ்வுண்மை 1951ஆம் ஆண்டில் இரு வேறு நாடுகளில் வெவ்வேறாகக் கண்டறியப்பட்டது. ஒருவர் அமெரிக்காவில் மசச்சூசெற்றில் ஆராய்ந்த சீனரான எம். சி. சாங், மற்றவர் அவுஸ்திரேலியரான சி. ஆர். ஒஸ்ரின். முட்டை வெளிப்பட்ட பின்னர், அப்பொழுதே எடுத்த விந்தைப் பெண் முயலின் முட்டைக்குழாயிலே நேரே இட்டால் கருக்கட்டல் நிகழவில்லை. வேறொரு பெண் முயலின் கருவழியிற் சில மணி நேரம் தங்கியிருந்த விந்தை எடுத்து இட்டபோதோ அது நிகழ்ந்தது. பெண்ணின் உடலிற் கழியும் அச்சில மணி நேரத்தில் விந்தணு ஏதோவொரு தகுதியைப் பெறுகின்றது என்று இருவரும் முடிவு செய்தனர். அதனை நாம் பக்குவப்படுதல் என்று சொல்லுவோம்.

புரதங்கள் மாறும் விதம்

அத்தகுதி யாது என்பது விளங்க மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. விந்தணு ஒரு தனிக் கலம். ஏனைய கலங்கள் தமக்கு வேண்டிய புரதங்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும். விந்தணுவோ முதிரும்போதே அவ்வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகின்றது. கட்டுச்சோற்றுடன் பயணம் புறப்பட்டவன் வழியில் உலை வைக்க இயலாதது போல, அஃது உள்ளதைக் கொண்டே சமாளிக்க வேண்டும். ஆகவே பக்குவப்படுதல் என்பது பெரும்பாலும் புதுப் புரதம் தோன்றுதலன்று; இருக்கும் புரதங்கள் அகற்றப்படுதலும், இடம்பெயர்தலும், உருமாறுதலுமே ஆகும்.

முதலில் நிகழ்வது களைதல். காளையின் விந்துநீரிலுள்ள புரதங்களில் ஏறக்குறையப் பாதியை ஒரு குடும்பத்துப் புரதங்களே நிரப்புகின்றன. விந்து வெளிப்படும் வேளையில் இவை விந்தணுவின் மென்சவ்வின்மீது போர்வைபோற் படிகின்றன. இப்போர்வை இரு வேலைகளைச் செய்கின்றது. விந்தணு முட்டைக்குழாயை அடைந்ததும் அதன் சுவரைப் பற்றிக்கொண்டு தங்க உதவுகின்றது. அங்கு அது நாற்றுமேடையிற் போலக் காக்கப்பட்டு நிற்கின்றது. பின்னர் அக்குழாயின் நீரிலுள்ள சிலவகைப் பொருட்கள் இப்போர்வையைத் தம்பால் இழுக்க, அது கழன்று, தன்னுடன் மென்சவ்விலுள்ள கொலெஸ்தரோல் என்னும் கொழுப்பையும் கொண்டுசெல்கின்றது. கொலெஸ்தரோல் நீங்கவே, இறுகியிருந்த சவ்வு இளகுகின்றது.

சவ்வு இளகியதும் இருகாபனேற்றும் கல்சியமும் உள்ளே புகுகின்றன. இவற்றால் விந்தணுவினுள்ளே ஒரு நொதியம் தூண்டப்பட, அது மற்றொன்றைத் தூண்ட, மடைதிறந்த நீர் பெருவாய்க்காலிலிருந்து சிறுவாய்க்காலுக்கும் அங்கிருந்து வயலுக்கும் பாய்வதுபோல ஒரு தொடர் நிகழ்கின்றது. அதன் முடிவில், வாலிலுள்ள பல புரதங்களில் தைரோசின் என்னும் அமினோ அமிலம் இருக்கும் சில இடங்களில் ஒரு பொசுபேற்றுக் கூறு சேர்க்கப்படுகின்றது. பொசுபேற்று என்ற சொல் உங்களுக்குப் புதிதன்று. வயலுக்கு இடும் பசளையிலுள்ள அதே பொசுபரசே இங்கு ஒரு சாவியாக வேலை செய்கின்றது. சாவி திருகப்பட்ட புரதம் தன் உருவையும் தொழிலையும் மாற்றிக்கொள்கின்றது. இதனை 1995இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலியின் விந்தணுவிற் காட்டினர். சில ஆண்டுகளுக்குள் காளையிலும், பின்னர் இந்தியாவிற் கர்னால் நகரிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் எருமையிலும் இது பற்றி ஆராயப்பட்டது. 1990இல் உடலுக்கு வெளியே கருக்கட்டிய முதலாவது எருமைக் கன்று பிறந்ததும் அந்நிலையத்திலேயே. அதற்குப் பிரதம் என்று பெயரிட்டனர்.

இம்மாற்றத்தின் விளைவு வெளிப்படையானது. அதுவரை ஒரே சீராக அசைந்த வால், சவுக்கை வீசினாற்போல வன்மையாக அடிக்கத் தொடங்குகின்றது. குழாய்ச் சுவரைப் பற்றியிருந்த விந்தணு அவ்வுதறலாற் பிடிவிட்டு முட்டையை நோக்கிச் செல்கின்றது. தலையின் நுனியிலுள்ள தொப்பி போன்ற பை உடைந்து, அதிலுள்ள நொதியங்கள் வெளிப்பட, முட்டையைச் சூழ்ந்த தடித்த உறையினூடே வழி பிறக்கின்றது. அத்தொப்பிக்குக் கீழே அதுகாறும் மறைந்திருந்த ஒரு புரதம் அப்பொழுதுதான் வெளியே தெரிகின்றது. 2005இல் இதனைக் கண்டறிந்த யப்பானியர், திருமணப் பேறு வேண்டி மக்கள் செல்லும் தம் நாட்டுக் கோயிலின் பெயரால் இசுமோ என்று அழைத்தனர். முட்டையில் இதனை ஏற்கும் இணைப்புரதம் 2014இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட, அதற்கு உரோமரின் திருமணத் தெய்வமான யூனோவின் பெயர் சூட்டப்பட்டது. விஞ்ஞானிகளுக்கும் இரசனை உண்டு போலும்.

நீங்கள் இங்கு மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. இவ்வளவும் நிகழ்ந்த விந்தணு முளை கண்ட நெல்லாகும். அது திரும்பவும் உலர் நெல்லாவதில்லை. தன் வலுவை விரைந்து செலவிடுவதால், முட்டை அருகில் இல்லையேல் அஃது இறந்துபடும். இயற்கையில் விந்தணுக்கள் யாவும் ஒரே வேளையிற் பக்குவப்படுவதில்லை. சில முன்னும் சில பின்னுமாக ஆயத்தமாகின்றன. பட்டியில் நிற்கும் காளை ஒரே வேட்கையிற் பல தடவை பசுவைச் சேர்வதும், ஒவ்வொரு சேர்க்கையிலும் பல நூறு கோடி விந்தணுக்களை இடுவதும் நேரக் கணக்கின் பிழையை மறைத்துவிடுகின்றன.

மழையில் நனைந்த மூட்டை

உறைவிந்தின் நிலை வேறு. கிளிசரோலைச் சேர்த்து விந்தணுவை உயிருடன் உறையவைக்கலாம் என்பது 1949இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட்டது. இன்று எமது நாட்டிற் குண்டசாலையிலுள்ள மத்திய நிலையத்திற் காளைகளின் விந்து எடுக்கப்பட்டு, குழல்களில் அடைக்கப்பட்டு, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை குளிரையுடைய திரவ நைதரசனில் வைக்கப்படுகின்றது. ஒரு குழலிற் சாதாரணமாக இருப்பவை 2 கோடி விந்தணுக்கள் அளவே. குளிரூட்டி உருக்கும்போது அவற்றிற் பெரும்பகுதி இறந்தும் போகின்றது.

எஞ்சியவையும் முன்போல் இருப்பதில்லை. குளிராலும் உருகுதலாலும் அவற்றின் மென்சவ்வு தளர்ந்து, கொலெஸ்தரோல் குறைந்து, கல்சியம் உட்புகுகின்றது. அஃதாவது, பசுவின் முட்டைக்குழாயிற் படிப்படியாக நடக்க வேண்டியது குழலினுள்ளேயே ஓரளவு நடந்துவிடுகின்றது. 1997இற் கனடா நாட்டார் காளையின் விந்தில் இதனை எடுத்துக்காட்டினர். இந்தியாவில் எருமையின் புதுவிந்தையும் உறைவிந்தையும் ஒப்பிட்டவர்களும் இத்தகைய மாற்றங்களையே கண்டனர். இஃது உண்மையான பக்குவமா, அன்றிப் பக்குவம் போலத் தோன்றும் சேதமா என்பதில் ஆராய்வோரிடையே வழக்கு உண்டு. அவ்வழக்கு எவ்வாறு தீர்ந்தாலும் கமக்காரருக்குப் பயன் ஒன்றே: உறைவிந்து, வண்டியிற் கொண்டுவரும்போது மழையில் நனைந்த விதைநெல் மூட்டை போன்றது. அதிற் பாதி முன்னரே முளைகாணத் தொடங்கியிருக்கும். விதைப்பைத் தள்ளிப்போட்டால் விளைவு இல்லை. புதுவிந்து பசுவின் உடலில் ஒருநாளுக்கு மேலும் தாங்கக்கூடும். உறைவிந்து ஏறக்குறைய ஒருநாளே, சிலவேளை அதனினும் குறைவாகவே தாங்கும்.

வேளையைக் கணக்கிடுதல்

பசு வேட்கை கொண்டு பிற மாடு தன்மேல் ஏற அசையாது நிற்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய 24 முதல் 32 மணி நேரத்திலே முட்டை சூலகத்தை விட்டு வெளிப்படுகின்றது. வெளிப்பட்ட முட்டை 6 முதல் 12 மணி நேரமளவே நல்ல நிலையில் இருக்கும். கருப்பையில் இட்ட விந்தணுக்கள் போதிய தொகையில் முட்டைக்குழாயை அடைய 6 முதல் 8 மணி நேரம் வேண்டும்.

ஓர் உதாரணம் பாருங்கள். உங்கள் பசு திங்கட்கிழமை காலை 6 மணிக்கு வேட்கை கொள்கின்றது. செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் முட்டை வெளிப்படும். நீங்கள் பதறி ஓடித் திங்கள் காலை 7 மணிக்கே ஊசி போடுவித்தால், மறுநாள் முட்டை வரும் வேளையில் உறைவிந்தின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கும். திங்கள் மாலை 5 மணியளவில் இடுவித்தாலோ, நள்ளிரவுக்குள் விந்தணுக்கள் குழாயை அடைந்து, பக்குவப்பட்டு, விடியலில் முட்டையை எதிர்கொண்டு நிற்கும். செவ்வாய் மாலைவரை தாமதித்தால், விந்தணு ஆயத்தமாகுமுன் முட்டை முதிர்ந்து கெடும். முதலிற் கூறிய காலை மாலை விதி இதிலிருந்தே பிறக்கின்றது. 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிற் பல பசுக்களைக் கவனித்து வகுக்கப்பட்ட விதி அது. விந்தணு பக்குவப்படுதல் கண்டுபிடிக்கப்படு முன்னரே, காரணம் தெரியாமலே, பயனைக் கொண்டு வகுத்தனர்.

ஆகவே வேட்கையைக் கண்டவுடன் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கோ உங்கள் பகுதிக் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியருக்கோ அறிவியுங்கள். ஆனால் “உடனே வாருங்கள்” என்று மட்டும் சொல்லாது, எத்தனை மணிக்கு முதன்முதற் கண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காலையிற் பால் கறக்கும்போது கண்டதை நண்பகலிற் சொல்லி, “இப்பொழுதுதான் கண்டேன்” என்பாரும் உளர். அவ்வொரு சொல் 21 நாளைக் கொண்டுபோய்விடும். இரவு முழுதும் கதறிய பசுவைக் காலையிற் கண்டீர்களாயின், அதற்கு வேட்கை முந்திய மாலையிலேயே தொடங்கியிருக்கலாம். அதனையும் மறையாது கூறவேண்டும். ஐயமாயின், பின்புறம் வடியும் சளியைப் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து கயிறாக நீளுமாயின் வேளை பொருந்தும். சிவந்த கசிவு இரண்டொரு நாளின் பின் காணப்பட்டால், வேட்கை கழிந்துவிட்டது என்பதே பொருள். அந்நாளைக் குறித்துவைத்து அடுத்த முறைக்குக் காத்திருங்கள்.

எருமை வளர்ப்போருக்கு

எருமையில் இக்கணக்குக் கடினமானது. பசுவைப்போல் அது கதறித் திரிவதில்லை; பிற எருமைகள் அதன்மேல் ஏறுவதும் அரிது. வேட்கைக் குறிகள் பெரும்பாலும் இரவிலும் விடியற்புறத்திலுமே தோன்றுகின்றன. அடிக்கடி சிறுநீர் கழித்தல், வால் தூக்கி நிற்றல், பால் திடீரெனக் குறைதல், படுத்திருக்கும்போது தெளிந்த சளி ஒழுகுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். எருமைக் கடா ஒன்று அருகே நிற்குமாயின் அதுவே நல்ல சோதகன். மனிதனுக்குத் தெரியாததை அது மோந்து அறியும். முட்டை வெளிப்படுவது வேட்கை முடிந்து அரைநாளளவிற் சென்ற பின்னராதலின், எருமைக்கு ஊசி போடுவதிற் பசுவைவிடச் சற்றுப் பிந்துவது நட்டமன்று. முந்துவதே நட்டம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இக்குறிகள் இன்னும் மங்கும். அக்காலத்தில் எருமைக்கு மடுவோ குளமோ கிடையாதாயின் நிழலிற் கட்டி, நண்பகலில் நீர் ஊற்றுங்கள். கடாவுக்கு இது மேலும் முக்கியம். விதைப்பை உடலைவிடச் சில பாகை குளிர்ந்திருந்தாலன்றி நல்ல விந்து உருவாகாது.

எமது நாட்டெருமை சேற்றிற் புரள்வதைக் கண்டு, அது முராவுடன் இனஞ்சேராது என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையில் நாட்டெருமையும் முராவைப்போன்று 50 உடையதே. கலப்புக் கன்றுகள் குறைவின்றி இனம் பெருக்கும்.

பட்டி வைத்திருப்போர் பெரும்போக விதைப்புக்கு முன் மாடுகளை மேற்கே மேட்டுநில மேய்ச்சலுக்குச் சாய்த்துச் செல்வது வழக்கம். அங்கு மணிக்கணக்குப் பார்த்து உறைவிந்து இடுவிப்பது நடவாத காரியம். நோயற்ற, இளமையான காளை ஒன்றைப் பட்டியில் விடுவதே புத்தி. அறுவடை முடிந்து மாடுகள் அரிதாள் மேய வட்டைக்குத் திரும்பும்போது, நல்ல கறவைகளை மட்டும் பிரித்து வீட்டில் நிறுத்தி, இரு வேளையும் கவனித்து ஊசி போடுவிக்கலாம்.

ஊசி போடும் நாளிற் செய்யவேண்டியது அதிகமில்லை. மாட்டை வெயிலில் ஓடவிட்டுப் பிடியாமல், முன்கூட்டியே நிழலிற் கட்டி நீர் காட்டுங்கள். உத்தியோகத்தர் குழலை 37 பாகை அளவு வெந்நீரில் அரை நிமிடமேனும் இட்டு உருக்குவார். அப்பொழுது அவரை அவசரப்படுத்த வேண்டாம். உருக்கிய பின் தாமதிக்கவும் வேண்டாம். உருகிய குழலைத் திரும்ப உறையவைக்க முடியாது. “இரண்டு குழலை ஒன்றாகப் போடுங்கள்” என்று கேட்பதிற் பயனில்லை. வேளை பிந்திய முட்டைக்கு 2 கோடியும் ஒன்றே, 4 கோடியும் ஒன்றே. வேட்கை மறுநாளும் நீடித்து மாடு இன்னும் அசையாது நின்றால், அதனை அறிவித்து இரண்டாவது முறை இடுவிப்பது தகும்.

நாட்காட்டியில் ஊசி போட்ட நாளையும் மணியையும், வேட்கை கண்ட மணியையும், குழலிலுள்ள காளையின் இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள்வரை காலையும் மாலையும் மாட்டைக் கவனியுங்கள். வேட்கை திரும்பாவிடில் மூன்றாம் மாதத்திற் சினைப் பரிசோதனைக்கு அறிவியுங்கள். மூன்று முறை சரியான வேளையில் இட்டும் தங்காத மாட்டுக்கு நான்காம் ஊசி கேளாது, கருப்பையைச் சோதிக்கும்படி கால்நடை வைத்திய அதிகாரியைக் கேட்டு, எழுதிவைத்த அந்நாட்காட்டியை அவரிடம் காட்டுங்கள்.